காவிரிக் கடைமடையில் சூழல் கலைநிகழ்வு: இடம் பிடிப்பதிலிருந்து கணக்கு ஒட்டுவது வரை

டெல்டாவில் காலநிலை மாற்றம் பற்றிக் கலைநிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். உருகும் பனிமலை, மெலிந்த பனிக்கரடி, கண்ணீர் விடும் பூமி உருண்டை எல்லாம் சேர்த்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதற்கு முன்னால் வெயிலில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மரம் வளர்க்கச் சொல்லி முழங்குவார்கள். பார்க்க வந்தவரோ, 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற சம்பா பருவம் தப்பிய மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டதைக் கண்ணால் கண்டவர். அவருக்குப் பனிக்கரடியைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

நாடகக் குழு வைத்திருப்பவர்கள், ஓவிய ஆசிரியர்கள், கவின்கலைக் கல்லூரி மாணவர்கள், ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் இளைஞர் மன்றத்தார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். ஊருக்குப் பாடம் எடுக்கப் போகக் கூடாது. ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அளந்து எடுத்து, எல்லோரும் ஒன்றாக நின்று பார்க்கும்படி வைக்க வேண்டும்.

உலகத்தில் பேசப்பட்ட வேலைகளும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்தன. ஆக்னஸ் டெனிஸ் 1982-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மண் கொட்டி நிரப்பிய இடத்தில் 2 ஏக்கர் கோதுமை விளைவித்தார். ஈவ் மோஷர் 2007-இல் அதே நகரத்தில், கடல் மட்டத்திலிருந்து 10 அடி உயரம் எங்கெங்கே வருகிறது என்று தெருத்தெருவாக நீலச் சுண்ணக்கோடு போட்டுக்கொண்டே நடந்தார். ஓலாஃபர் எலியாசன் 2015-இல் கிரீன்லாந்துப் பனிப்பாறைத் துண்டுகள் 12-ஐப் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்து உருகவிட்டார். எங்கோ நடப்பதை வாசலுக்குக் கொண்டுவர அவர்கள் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் செலவு இல்லை. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியர் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. காட்ட வேண்டியவை கண்முன் கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் வேலை.

படி 1: ஒரே ஒரு வாய்க்காலைப் பிடியுங்கள்

டெல்டா முழுவதையும் ஒரு மேடையில் ஏற்ற முடியாது. கல்லணைக்குப் பக்கத்தில் பூதலூர்க்காரர் கவலை வேறு. வெண்ணாற்றுக் கிளைகளின் கடைசியில் கிடக்கும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கவலை வேறு. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றில் இன்னொன்று. ஏதாவது ஒரு கிளை வாய்க்காலைத் தேர்ந்தெடுத்து, தலைப்பு மதகிலிருந்து கடைசி வயல் வரை நடந்து பாருங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும்போது ஒரு நடை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு நடை. எந்த மதகில் பலகை இல்லை, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எங்கே காட்டாமணக்கு மண்டியிருக்கிறது, இறால் குட்டையின் கழிவுநீர் எந்த வடிகாலில் விழுகிறது என்று எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள்.

அப்புறம் பேச்சு. அறுபது தாண்டியவர்களைப் பிடியுங்கள், பெண்களைக் கட்டாயம் பிடியுங்கள். "காலநிலை மாறிப்போச்சா?" என்று கேட்டால் டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். "உங்க கல்யாணத்தப்ப இந்த வாய்க்கால்ல எந்த மாசம் வரைக்கும் தண்ணி ஓடுச்சு?", "இப்ப வலையில விழாத மீன் எது?", "எந்த அடிபம்புத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெருவே பதில் சொல்லும். உப்பும் கடினத்தன்மையும் ஏறிய நீரில் துவரம் பருப்பு குழையாது. பரிசோதனைக்கூட அறிக்கை வருவதற்கு முன்பே அடுப்படிக்கு அது தெரிந்துவிடும்.

படி 2: எது யார் செய்தது என்று பிரியுங்கள்

பெரும்பாலான நிகழ்ச்சிகள் இடறி விழுவது இங்கேதான். எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிட்டால் விவசாயி சிரிப்பார். அவர் சிரிப்பதும் நியாயம்தான்.

வாய்க்கால் போய் முடியும் கடைமடையில் கிணறு உப்பாவதை எடுத்துக்கொள்வோம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அது உண்மை. கூடவே வேறு பலவும் நடந்திருக்கின்றன. கடல்நீரை எதிர்த்துத் தள்ளும் அளவுக்கு ஆற்றில் நன்னீர் வருவதில்லை. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளுகின்றன. மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்து, கடல் உள்ளே ஏற வழி கிடைத்தது. வெள்ளத்தோடு வந்து படிய வேண்டிய வண்டல் அணைகளிலேயே தங்கிவிடுகிறது, அதனால் நிலம் தன்னை உயர்த்திக்கொள்ள வழியில்லை. கரையோரத்தில் இறால் குட்டைகள் வேறு. இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினால், விழுங்கியதைத்தான் கூட்டம் முதலில் கேட்கும்.

நான் நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்வேன்: வானம் செய்தது, அரசும் ஆற்றின் மேல்பகுதியும் செய்தது, நாமே செய்தது. ஒரே விஷயம் ஒன்றுக்கு மேற்பட்ட பத்தியில் வரலாம். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் நோட்டு இன்னும் முடியவில்லை என்று பொருள். பூக்கும் சமயத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் நெல் பதராகும், இது முதல் பத்தி. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மேலணை மதகுகள் வெள்ளத்தில் அடித்துப்போனதும், அதே சமயம் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்று புலம்பியதும் இரண்டாவது. வாய்க்காலில் கல்யாண மண்டப எச்சிலையைக் கொட்டுவது மூன்றாவது.

இன்னொன்று. 2004 சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. அதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நாகப்பட்டினம் பக்கம் போடும் சூழல் நாடகங்களில் பாதியில் அது வந்துவிடுகிறது, ஏனென்றால் அழவைக்கச் சுலபம். தயவுசெய்து வேண்டாம். அந்தத் துக்கம் உங்கள் நாடகத்துக்கான சாமான் இல்லை.

நோட்டு முடிந்ததும் வட்டார வேளாண் அலுவலரிடமோ, ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ ஒருமுறை காட்டி, எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பொருளை ஊரிலிருந்தே எடுங்கள்

முதலில் விலக்க வேண்டியது ஃபிளெக்ஸ். சூழல் நிகழ்ச்சிக்கு அடித்த பிளாஸ்டிக் பேனர் அடுத்த வாரம் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். காடாத் துணியில் எழுதுங்கள். கையால் எழுதும் பெயிண்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை.

டெல்டாவின் கைவினைகள் பலவும் தண்ணீரிலும் சேற்றிலும் பிறந்தவை. ஆகவே சூழலைப் பற்றிப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், கைவினைஞர் பட்டறைக்குப் போய் "இந்தப் பொருள் எங்கிருந்து வருது, முன்ன மாதிரி கிடைக்குதா?" என்று கேட்டாலே போதும். பாதி நிகழ்ச்சி அங்கே தயாராக இருக்கும்.

தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பாருங்கள். நெட்டி ஏரி குளங்களில் வளரும் நீர்த்தாவரம். தண்டைக் காயவைத்து, பழுப்புத் தோலைக் கத்தியால் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்ற சோறு. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதை ஏடு ஏடாக நறுக்கி ஒட்டித்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் நிற்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் ஏறும் நெட்டிமாலையும் இதே செடிதான். குளம் வற்றினால், தூர்ந்தால், ஆக்கிரமிக்கப்பட்டால் நெட்டி இல்லை. 2020-இல் இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும், குளத்தைக் காக்காது.

சுவாமிமலை ஐம்பொன் சிலை வார்ப்பிலும் இதே கதைதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிக்கிறார்கள். தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். மெழுகின் மேல் முதலில் பூசுவது காவிரிப் படுகையின் நைஸான வண்டல். மூக்கு நுனி, விரல் நகம் எல்லாம் அந்த மண் அவ்வளவு நுணுக்கமாக ஒட்டிக்கொள்வதால்தான் வார்ப்பில் விழுகின்றன. நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் அச்சுக்கும் காவிரி வண்டல்தான். மேட்டூரில் 1934 முதல் அணை நிற்கிறது. வண்டலில் ஒரு பங்கு அதற்குப் பின்னால் படிந்துவிடுகிறது, கீழே வந்து சேர்ந்ததையும் லாரி அள்ளுகிறது. ஒரு சிற்பியை உட்காரவைத்து, வண்டலைப் பிசைந்துகொண்டே இதைப் பேசச் சொல்லுங்கள். தனியாக வசனம் எழுத வேண்டியதில்லை.

கடலோர ஊர் என்றால் உப்பும் ஒரு பொருள்தான். வயலில் வெள்ளையாகப் பூத்த மேல்மண்ணை ஒரு தட்டிலும், வேதாரண்யம் உப்பளத்து உப்பை இன்னொரு தட்டிலும் வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு வடிவங்களைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. கோலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

*மேட்டூர்க் கோலம்.* குறுவைக்கு மேட்டூர் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. தெருவில் செங்காவியால் ஒரு நேர்கோடு போடுங்கள், அதுதான் ஜூன் 12. ஆண்டுக்கு ஒரு வரிசை. அணை திறக்க எத்தனை வாரம் தாமதமோ, கோட்டுக்கு வலப்பக்கம் அத்தனை புள்ளி. முன்னதாகத் திறந்திருந்தால் இடப்பக்கம்.

2012, செப்டம்பர் 17: 14 புள்ளி
2013, ஆகஸ்ட் 2: 7
2014, ஆகஸ்ட் 15: 9
2015, ஆகஸ்ட் 9: 8
2016, செப்டம்பர் 20: 14
2017, அக்டோபர் 2: 16
2018, ஜூலை 19: 5
2019, ஆகஸ்ட் 13: 9
2020, 2021, ஜூன் 12: புள்ளி இல்லை
2022, மே 24: இடப்பக்கம் 3
2023, ஜூன் 12: புள்ளி இல்லை
2024, ஜூலை 28: 7
2025, ஜூன் 12: புள்ளி இல்லை

புள்ளிக்குப் புள்ளி ஒரு சாண் விட்டால் 2017-இன் வரிசை மட்டும் 12 அடி ஓடும். 15 அடி அகலமுள்ள தெரு வேண்டும். பச்சரிசி மாவில் போடுங்கள், கல்மாவு வேண்டாம், எறும்புக்கும் பங்கு இருக்கட்டும். புள்ளி வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. சிக்குக் கோலமாக இழுத்து முடிப்பதைத் தெருப் பெண்களிடம் விட்டுவிடுங்கள். தாறுமாறான வரிசைகளை ஒரே இழையில் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நடுவில் புள்ளியே இல்லாத ஆண்டுகள் வேறு கோலத்தைத் துண்டு துண்டாக்கும். "இந்த ரெண்டு வரிசையை எப்படித் தாண்டுறது?" என்று அவர்கள் வாதாடத் தொடங்குவார்கள். அந்த வாதத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். ஏன் அந்த ஆண்டு அக்டோபர், குடகில் மழை இல்லையா, கர்நாடகம் விடவில்லையா, அந்த வருஷம் நாம் என்ன நட்டோம் என்று பேச்சு தானாகவே விரியும்.

ஒரு எச்சரிக்கை. புள்ளி இல்லாத ஆண்டெல்லாம் நல்ல ஆண்டு என்று நினைத்துவிடக் கூடாது. 2023-இல் குறித்த நாளில் திறந்தார்கள். அப்புறம் தண்ணீர் போதாமல் குறுவை பல இடங்களில் காய்ந்தது, அக்டோபரிலேயே அணையை மூட வேண்டிவந்தது. இதைக் கோலம் சொல்லாது. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும், அதுவும் அந்த ஆண்டு நட்டவராக இருந்தால் நல்லது.

*வெள்ளக் கோடு.* 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஏதாவது ஒரு வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்பதை வீட்டுக்காரரே சுவரில் தொட்டுக் காட்டட்டும். அவர் அனுமதியோடு அங்கே சுண்ணாம்பில் ஒரு கோடு, பக்கத்தில் ஆண்டு. வீட்டுக்கு வீடு சொல்வது பொருந்துகிறதா என்று கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை வைத்துப் பாருங்கள். நினைவு எங்கே ஒரு முழம் கூடியது, எங்கே குறைந்தது என்பதும் சுவையாகத்தான் இருக்கும். 2100-இல் கடல் இதுவரை வரும் என்று யார் வீட்டுச் சுவரிலும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள், அவர் அந்த மனையை விற்க வேண்டியிருக்கும்.

*மூன்று அடுப்பு.* ஒரே அளவு துவரம் பருப்பு, ஒரே மாதிரி மூன்று பாத்திரம், மூன்று இடத்துத் தண்ணீர்: கடைமடை அடிபம்பு, குளம், குடிநீர்க் குழாய். நாடகம் தொடங்கும்போது அடுப்பைப் பற்றவையுங்கள். முடிந்ததும் கரண்டியால் மசித்துக் காட்டுங்கள். முந்தின நாளே ஒருமுறை வேகவைத்துப் பார்த்துவிடுவது நல்லது. வேளாண் துறைப் பரிசோதனையில் அந்தத் தண்ணீருக்கும் வயல் மண்ணுக்கும் உப்புநிலை எடுத்து எழுதி வைத்தால் பேச்சு இன்னும் கெட்டிப்படும். மண்ணின் உப்புநிலை மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லைப் பற்றிய பேச்சும் இந்த இடத்தில் வரும். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்களில் விதை வாங்கிப் போனவர் யாராவது கூட்டத்தில் இருக்கக்கூடும், பேச விடுங்கள்.

*நாடகம்.* வில்லுப்பாட்டு தெற்கத்திக் கலை. பெயர் பெற்றது என்பதற்காக இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. தப்பாட்டம், பொய்க்கால் குதிரை, கும்பகோணம் மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டம், ஒப்பாரி, நடவுப் பாட்டு என்று இந்த மண்ணிலேயே ஏராளம் உண்டு. மெலட்டூர் பாகவத மேளா நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிய வழிபாடு, அதற்குள் உங்கள் செய்தியைச் செருகப் பார்க்காதீர்கள். நடவு இயந்திரம் வந்தபிறகு குலவைச் சத்தம் குறைந்துவிட்டது. ஆகவே நடவுப் பாட்டு தெரிந்த பெண்களை மேடைக்கு அழைப்பதே ஒரு பதிவுதான். பாட்டை மட்டும் திருத்தாதீர்கள்.

கதை 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கதாபாத்திரங்களுக்குள் ஓர் உறவு இருந்தால் உரையாடல் தானாக நடக்கும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் சம்பந்திகள் என்று வைத்துப் பாருங்கள்:

"என்ன சம்மந்தி, ராத்திரி மதகுப் பலகையத் தூக்கிட்டீங்களாமே?"

"நான் எங்க சம்மந்தி தூக்குனேன், தண்ணி வந்த வேகத்துல அதுவாத் தூக்கிக்கிச்சு."

"அப்ப எங்க பக்கமும் அதுவா வந்திருக்கணுமே. பொண்ணக் குடுத்த வீட்டுக்கு ஒரு குடமாவது வந்திருக்கலாம்."

இதிலிருந்து முறைப்பாசனம், மழை, மேட்டூர் என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

படி 5: நாளும் அனுமதியும்

நடவு, அறுப்பு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருக்கும் நாட்கள் மூன்றையும் தவிருங்கள். மாசி பங்குனியும், ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களும் தோதானவை. ஆடி 18-இல் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பதே சில ஆண்டுகளில் கேள்வியாகிவிடுவதால், அந்த நாளுக்கென்று தனிக் கனம் உண்டு. ஊராட்சித் தலைவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நேரில் சொல்லுங்கள். மைக் வைக்கக் காவல் நிலைய அனுமதி வேண்டும். மதகிலும் பாலத்திலும் வரைவதாக இருந்தால் நீர்வளத் துறையிடம் எழுதிக் கேட்டுவிட்டு வரையுங்கள்.

படி 6: கூலி

தப்பாட்டக் கலைஞர்களை "விழிப்புணர்வுதானே, இலவசமாக அடித்துக் கொடுங்கள்" என்று கேட்கவே கேட்காதீர்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்களைக் கூலியில்லாமல் அடிக்கவைத்த வரலாறு இந்த ஊர்களுக்கு இருக்கிறது. வெளியூர் ஓவியருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, அதே நாற்காலி, அதே பந்தி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் தேதி கேட்க வேண்டும். கோலம் போடும் பெண்களுக்கும் ஒரு நாள் நடவுக் கூலியாவது கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்பார்கள், கொடுங்கள்.

தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும், மாநிலக் கலை பண்பாட்டுத் துறையிலும் உதவி கேட்டுப் பார்க்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, அங்கும் ஒரு மனு போடலாம். மணல் லாரி முதலாளி நன்கொடை தர முன்வந்தால் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

படி 7: அன்றைய நாள்

விடியற்காலையில் சாணம் தெளித்துக் கோலம். வெயில் ஏறுவதற்குள் அது முடிந்துவிட வேண்டும். மாலை 4 மணிக்குத் தப்பு அடித்து ஊரைக் கூட்டி, மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடை. நடக்க முடியாதவர்களுக்கு ஒரு டிராக்டர் பெட்டி. வழியில் வெள்ளக் கோடு உள்ள வீடுகளில் வீட்டுக்காரர் பேசட்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். இருட்டும் நேரத்தில் அடுப்பும் நாடகமும். சிறப்பு விருந்தினர் பொன்னாடை எல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்தை அவை தின்றுவிடும், அதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். பருப்பை மசித்துக் காட்டியபிறகு மைக்கை அணைத்துவிட்டு, ஊரைப் பேசவிடுங்கள். சண்டை வரலாம். தண்ணீர்ப் பேச்சில் சண்டை வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். வெந்த பருப்பில் சாம்பார் வைத்துப் பந்தி போட்டுவிடலாம்.

படி 8: அப்புறம்

நோட்டை நகல் எடுத்து ஒரு பிரதி பள்ளிக்கும் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்துக்கும் கொடுங்கள். கோலத்தின் அளவுகளையும் பெண்கள் இழுத்த இழையையும் தாளில் வரைந்து அதோடு சேருங்கள், அடுத்த ஆண்டு ஒரு வரிசை கூடும். வெள்ளக் கோட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு பூச ஒரு ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை ஊர்க்காரர் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டால் ஒப்படையுங்கள். கேட்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், மழையில் அழிந்தால் அழியட்டும். எடுத்த ஒலிப்பதிவுகளைப் பாடியவர்களுக்கும் பேசியவர்களுக்கும் முதலில் அனுப்புங்கள். அவர்களைக் கேட்காமல் யூடியூபில் ஏற்றாதீர்கள்.

செலவுக் கணக்கை, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது உட்பட, ஒரு வாரத்துக்குள் ஒரு தாளில் எழுதித் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.